ஒரு துளை மேலே

வெலிமடைக்குப் புறப்பட்டு ஹாலிஎல தாண்டுவதற்குள் ஸகீனா கத்த ஆரம்பித்துவிட்டாள். பின்னால் பிள்ளைகளுக்கென்று மாட்டும் அவளுடைய கார் சீட்டில் இருந்தபடி பெல்ட்டை இழுத்து இழுத்து, "நிஷாக்கா வேணும், நிஷாக்கா வேணும்" என்று ஒரே பாட்டு. பெற்றவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்! மூன்று வயதுப் பிள்ளைக்கு உம்மா என்ற சொல் வாயில் வரவில்லை.

நிஷாந்தினி பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, பதுளையில் எங்கள் வீட்டோடு தங்கிப் பிள்ளை பார்க்கிறவள். நான் பள்ளிக்கூடத்தில் ஊரார் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் நேரமெல்லாம் என் பிள்ளை அவள் இடுப்பில். கார் சீட்டில் இருத்தி பெல்ட் போடுவதும் அவள்தான். அவள் கைபட்டால் ஸகீனா மூச்சுக் காட்டமாட்டாள். பொறாமைதான், மறைப்பானேன்? அந்தச் சீட்டில்கூட அவள் தலையெண்ணெய் வாசம். இந்த வாரம் அவள் லீவில் போனதும் முதல் வேலையாக உறையைக் கழற்றி, இரண்டு தரம் சோப்புப் போட்டு அலசினேன். காய்ந்ததும் சீட்டின் முதுகிலுள்ள துளைகளில் பெல்ட்டுகளை நானே கோத்து மாட்டினேன். அப்பாடா என்றிருந்தது.

இப்போதோ அழுகை நிற்கவேயில்லை. பெல்ட்டைக் கழற்றிப் பிள்ளையைத் தூக்கினேன்.

"வாணாம் ஷம்ரா, வளைவு ரோட்டு" என்றார் காரை ஓட்டிய என் கணவர் ஷிபான், கண்ணாடியில் என்னைப் பார்த்து.

"பெத்த உம்மாட மடியிலதானே வெக்கிறேன்? நீங்க ரோட்டப் பாருங்க."

மடிக்கு வந்ததுமே அழுகை நின்றது. என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பார்த்தாயா நிஷாந்தினி என்று மனதுக்குள் சொல்லி முடிக்கவில்லை, வளைவில் லீக்ஸ் மரக்கறி ஏற்றிய லொறி ஒன்று நேரே வந்தது. ஷிபான் பிரேக்கை அழுத்தினார். என் கைகள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டன. இரண்டு கைகளும். பிள்ளை முன்சீட்டின் முதுகில் முகம் மோதிக் கீழே விழுந்தாள்.

உதடு மட்டும்தான் கிழிந்தது, அல்ஹம்துலில்லாஹ். காரை ஓரங்கட்டி, ரத்தத்தைத் துடைத்து, மறுபடி சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டால் மறுபடி அலறல். ஷிபான் நிஷாந்தினிக்கு போன் எடுத்து என்னிடம் நீட்டினார். விழுந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. சீட்டைக் கழுவியதையும், இருக்கமாட்டேன் என்று பிள்ளை அழுவதையும் மட்டும் சொன்னேன்.

"பெல்ட்ட எந்த ஓட்டையில போட்டீங்க டீச்சர்?"

"கீழ உள்ளதுலதான். அதுலதானே எப்பவும் இரிக்கி."

"ஐயோ, அது ரெண்டு வயசுல போட்டதுங்க. தோள அமுக்கும், அதான் அழுவுறாங்க. போன மாசமே ஒரு ஓட்ட மேல ஏத்திட்டேனே. பாப்பா வளந்துட்டாங்க டீச்சர்."

போன மாதம் நான் எங்கே போயிருந்தேன்? இதே வீட்டில்தான் இருந்தேன்.

"போனப் பாப்பா காதுல வைங்க டீச்சர்."

அப்போதும் எரிந்தது எனக்கு. வைத்தேன். அங்கிருந்து என்ன சொன்னாளோ, கிழிந்த உதட்டோடு பிள்ளை சிரித்தாள்.