மடித்துணிக் கொடி

ஸ்ரீனிவாசராகவனுக்குத் தன் காதின்மேல் அப்படியொரு நம்பிக்கை. கடப்பாக்கம் கடற்கரை வயர்லெஸ் நிலையத்தில் அவர்தான் இன்ஜினியர். மற்ற நிலையங்கள் தங்கள் அலைவரிசையை ஒத்துப் பார்க்கிற படிகக் கருவி அவர் பொறுப்பில் இருந்தது. ஆடி பிறந்ததும் அதில் கரகரவென்று இரைச்சல் சேர்ந்துகொண்டது. வால்வை மாற்றினார், படிகத்தையே மாற்றினார்; போகவில்லை. பக்கத்து மீனவக் குப்பத்து அம்மன் கோயிலில் மைக் செட் கட்டியிருந்தார்கள். வேறென்ன வேண்டும்? போலீஸை வைத்து நிறுத்திவிட்டார்.

குப்பத்துத் தலைவரான நாட்டார் தேசப்பன் வேலிக்கு வெளியே நின்று கெஞ்சினார். "வருசத்துக்கு ஒரு தபா சாமி. மைக் செட்டு இல்லாங்காட்டி ஒறமொறைங்க முன்னால தலகுனிவா பூடும்."

"சர்க்கார் மிஷினைவிட உன் பாட்டு பெரிசா?" என்று ஜன்னல் வழியாகவே கேட்டு அனுப்பிவிட்டார்.

மைக் செட் நின்றது. இரைச்சல் நிற்கவில்லை.

கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை காலை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரக். சற்று நின்று, மறுபடி கரக். எரிச்சலோடு ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே அவர் மனைவி கோமளம், பிறர் கை படக் கூடாத மடித்துணியைக் கோலால் கொடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். கோல் ஒரு தள்ளு, காதில் ஒரு கரக்.

கொடி, ஆடி பிறந்த அன்று அவரே கட்டிய இரும்புக் கம்பி. ஒரு முனை விளக்குக் கம்பத்தில், மறுமுனை கருவியின் எர்த் பட்டையில். கம்பத்தில் கசிந்த மின்சாரம் அதன் வழியாக நேரே கருவிக்குப் போய்க்கொண்டிருந்தது. முதல் வருஷக் காலேஜ் பையன்கூட இப்படிச் செய்யமாட்டான். மெயினை அணைத்துவிட்டு ஓடிப்போய்க் கம்பியை அவிழ்த்தார். திரும்பி வந்து மெயினைப் போட்டுக் கேட்டார். துளி இரைச்சல் இல்லை. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது.

சட்டையை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனார். சத்தமே இல்லாத பந்தலில் தேசப்பன் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நாட்டாரே, தப்பு உங்க மைக் செட்டுல இல்லை. மிஷின்ல சேர்த்து நான் கட்டின துணிக்கொடியில. எல்லார் முன்னாலயும் சொல்லணும்னு வந்தேன். போலீஸ்லயும் சொல்லிடறேன், செட்டைப் போடச் சொல்லுங்கோ."

"வுடுங்க சாமி, தெரியாம நடந்துச்சு." தேசப்பன் சிரித்தபடி ஒரு செம்பில் கூழ் மொண்டு நீட்டினார். "ஆமா, வெளிய இம்மாம் மணலு கெடக்குது. இன்னாத்துக்கு சாமி மிஷினாண்ட போயி கொடி கட்னீங்க?"

வேலைக்கு வருகிற குப்பத்து ஆட்கள் கருவிப் பக்கம் வரமாட்டார்கள்; அவர்கள் கை மடித்துணியில் பட்டுவிடக் கூடாதே என்றுதான். ஸ்ரீனிவாசராகவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். முகம் சுட்டது.

தேசப்பன் அவரையே சற்றுப் பார்த்தார். அப்புறம், நீட்டிய செம்பைத் தானே மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கொடுங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கையை நீட்டத்தான் நினைத்தார். கை எழவில்லை.