அம்சம் வைத்த செண்பகம்

பாவி மரம், பூக்க வேறு நாளே பார்க்கவில்லை. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மனை பார்க்க வருகிற அன்றைக்குத்தானா முதன்முதலாகப் பூக்க வேண்டும்? சித்திரை மாத விடியலில் குடிசையை விட்டு வெளியே வந்த அம்சம், அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே கொல்லைக்கு ஓடினாள்.

பண்ணை மனையில் குடியிருக்கும் கூலியாட்கள் முருங்கை வைக்கலாம், பூசணி போடலாம். காலத்துக்கும் நிற்கிற மரம் மட்டும் வைக்கக் கூடாது. மரம் வேர்விட்டால் ஆளும் வேர்விட்டுவிடுவான் என்று ஆண்டை வீட்டுக்குப் பயம். தென்னம்பிள்ளை வைத்த பாவத்துக்கு ஒருவனைக் களத்தில் கட்டிவைத்து அடித்ததை அம்சம் கண்ணால் பார்த்தவள். அப்படியும் ஆசை யாரை விட்டது? மகள் தங்கம்மாள் பிறந்த வருஷம், கோயில் மதிலோரம் முளைத்திருந்த செண்பகக் கன்றைப் பிடுங்கிவந்து கொல்லையில் வைத்துவிட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் காட்டுமரம், தானாக முளைத்தது என்று ஒரே பொய். இலையைப் பார்த்து யார் கண்டார்கள்? பூ அப்படியா, ஊரைக் கூட்டிச் சொல்லிவிடுமே. எட்டிய பூவையெல்லாம் அவசர அவசரமாகப் பறித்து வாய்க்காலில் விட்டாள். உச்சிக்கொம்பில் இருந்தவை எட்டவில்லை.

ஆண்டை வீட்டுக் காரியக்காரர் பஞ்சநதம் முதல் நாளே வந்து மிரட்டிவிட்டுப் போயிருந்தார். போன ஆனிக்கு முன்னாலிருந்து குடியிருக்கிறவர்களுக்கு மனை சொந்தம் என்று தி.மு.க. சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறதாம். அதனால் தீபாவளிக்குப் பிறகுதான் இங்கே வந்தேன் என்று அவள் சொல்ல வேண்டுமாம். மாற்றிச் சொன்னால் கூரை இருக்காது என்றார். குடிசையோடு ஆட்களைக் கொளுத்திய அந்தப் பக்கத்தில், கூரை எரிவதென்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புருஷன் ரெத்தினம் செத்து மூன்று வருஷமாகிறது. வயசுக்கு வரப்போகிற பெண்ணை வைத்துக்கொண்டு, இந்த மனையும் போனால் அவள் எந்தத் தெருவில் நிற்பாள்?

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பஞ்சநதம் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். எத்தனை நாளாக இருக்கிறாய் என்று கேட்டதும் அம்சம் பஞ்சநதத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். தீபாவளிக்கு அப்புறம்தாங்க என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லிவிட்டாள். எழுதப் பேனாவைத் திறந்தவர், மூக்கை உயர்த்திச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"செண்பகமா? யாரு வச்ச மரம்?"

பஞ்சநதம் அண்ணாந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் கெட்டிக்காரர், உடனே சமாளித்துக்கொண்டு, பண்ணையில் வைத்த மரம், ஆண்டை வீட்டுப் பூஜைக்கு என்றார்.

அம்சம் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூடச் சிந்தாமல் ஊற்றி வளர்த்ததை இந்த மனுஷன் ஒரு வார்த்தையில் எடுத்துக்கொள்கிறானே என்று பற்றிக்கொண்டு வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"நான்தாங்க வச்சேன். தப்புதாங்க, வைக்கக் கூடாதுதான். எம்மவ பொறந்த வருஷம் வச்சேன். அடிக்கிறதுன்னா என்னைய அடிங்க, மரத்த வெட்டிடாதீங்க."

"மவளுக்கு என்ன வயசு?"

"பதினொண்ணுங்க."

இன்ஸ்பெக்டர் கொல்லைக்குப் போய் அடிமரத்தை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்து நிதானமாக எழுதினார். பஞ்சநதம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், இன்ஸ்பெக்டர் நிமிரவேயில்லை. தன் குற்றத்தைத்தான் எழுதுகிறார் என்று அம்சம் நினைத்தாள்.

"வெட்டச் சொல்லியா எழுதுறீங்க?"

"இனிமே இத வெட்டணும்னா ஒங்களத்தாம்மா கேக்கணும்" என்று சொல்லிக் கைநாட்டுக்கு மைப்பெட்டியை நீட்டினார்.

பஞ்சநதம் குடையை மடக்கினார். அவள் கூரையை ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு நடந்தார். அம்சம் விரலை வைத்தாள். நடுக்கத்தில் ரேகை அப்பிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் அவள் கையைப் பிடித்து இன்னொரு தரம் வைக்கச் செய்தார்.