பீச் மிட்டாய் தந்த தூக்கம்

ஷெல்பிக்கும் டால்ட்டனுக்கும் கல்யாணமாகி இரண்டு வருஷம். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ராச்சாப்பாடு சாப்பிட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவனுக்குக் கிடங்கில் இரவு வேலை, அவளுக்குப் பெட்ரோல் பங்கை ஒட்டி, மின்சிகரெட் விற்கும் வேப் கடையில் பகல் வேலை. காலையில் அவன் உள்ளே வர, அவள் வெளியே போக, வாசலில் ஒரு முத்தம். குடித்தனம் அவ்வளவுதான். அமெரிக்காவில், இந்த டென்னசியில், இந்தக் கூத்து அவர்கள் வீட்டில் மட்டுமா நடக்கிறது?

அதனால்தான் பால் டேங்கர் ஓட்டும் வேலைக்குக் கடிதம் வந்த அன்று ஷெல்பி அடுப்படியிலேயே ஓர் ஆட்டம் போட்டாள். விடியற்காலை போனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு! லாரி ஓட்டும் உரிமத்தை டால்ட்டன் போன மாதமே வாங்கிவிட்டான். பாக்கி இருந்தது போதைப்பொருளுக்கான சிறுநீர்ப் பரிசோதனை மட்டும்.

"பீர்கூடத் தொடாதவன்டா நீ. அந்தக் கப்புல உன் ஸ்வீட் டீதான் இருக்கப் போகுது" என்று கேலி செய்தாள்.

சும்மா சொல்லவில்லை. கஞ்சாவால் அண்ணன் ஜெயிலுக்குப் போனதிலிருந்து, அந்த வாடை வந்தாலே எழுந்து போய்விடுகிறவன் டால்ட்டன்.

வியாழக்கிழமை மத்தியானம் பரிசோதனை மருத்துவர் போன் செய்தார். ஷெல்பிக்கு அன்று விடுமுறை, பக்கத்திலேயே இருந்தாள்.

"கஞ்சா இருக்குன்னு வந்திருக்குங்க. ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?"

"தலைவலி மாத்திரைகூட போடமாட்டேன் சார்! யாரோ கப்பை மாத்திட்டாங்க. நல்லாப் பாருங்க!" டால்ட்டன் அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை.

மருத்துவர் கோபப்படவில்லை. அதே சிறுநீரில் இன்னொரு பங்கு பத்திரமாக இருக்கிறது, மூன்று நாளுக்குள் கேட்டால் வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்றார்.

"அனுப்பத்தான் போறேன்" என்று போனை வைத்தான் டால்ட்டன். "கேட்டியா ஷெல்பி? ஞாயித்துக்கிழமை சர்ச்ல எல்லார் முன்னாடியும் எழுந்து, நான் அதைத் தொட்டதே இல்லைன்னு சொல்லப் போறேன். எனக்காக ஜெபம் பண்ணட்டும்."

"நாசமாப் போறவனுங்க! குருட்டுப் பசங்களா உக்காந்து பாக்குறானுங்க?" என்று ஷெல்பியும் சேர்ந்து திட்டினாள். திட்டிக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று அலமாரியில் இருந்த மிட்டாய்ப் பொட்டலம் ஞாபகம் வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் டால்ட்டனுக்குப் பகலில் தூக்கமே வராமல் போனது. கண் இரண்டும் கோவைப்பழம். பார்க்கப் பொறுக்காமல் அவள்தான் கடையிலிருந்து பீச் பழ ருசியில் ஜெல்லி மிட்டாய் கொண்டுவந்தாள். "என்னது இது?" என்று அவன் கேட்டான். "ஹெம்ப்" என்றாள். "கஞ்சாவா?" என்று கையைப் பின்னுக்கு இழுத்தான்.

"சீ, போடா. கஞ்சான்னா கடையில பகிரங்கமா அடுக்கி வைப்பாங்களா? இது கயிறு திரிக்கிற செடி. சட்டப்படி சரி."

கல்லாவில் நின்று ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்கிற வசனம் அது. கடைக்காரர் சொல்லிக்கொடுத்தது. சொல்லிச் சொல்லி அவளுக்கே அது வேதவாக்காகிவிட்டது. கேட்கிறவர்களும் அவள் வயசுப் பிள்ளைகள்தான். சட்டம் விட்டதென்றால் உடம்பும் விட்டுவிடும் என்று நினைக்கிற வயசு. டால்ட்டன் தினம் காலையில் இரண்டு மிட்டாய் தின்றான். பச்சைப்பிள்ளை மாதிரி தூங்கினான். அவளும் நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

அலமாரியிலிருந்து பொட்டலத்தை எடுத்தாள். பின்பக்கம், வலது கீழ் மூலையில் விலைச் சீட்டு. அங்கேதான் ஒட்டவேண்டும் என்பது கடைச் சட்டம். நூற்றுக்கணக்கான பொட்டலங்களில் அவளே ஒட்டியிருக்கிறாள். இன்றைக்குத்தான் நகத்தால் கிள்ளி எடுத்தாள். அடியில் எறும்பு மாதிரி எழுத்து. ஹெம்ப்பிலும் கஞ்சாவின் சத்து உண்டு, இதைத் தின்றால் போதைப் பரிசோதனையில் தெரியலாம்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது வேறு யாருமில்லை, அவள்தான். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றும் நினைத்தாள். பொய் சொல்வானேன், ஒரு மணி நேரம் நினைத்தாள். ஆனால் அவன் சர்ச்சில் எழுந்து நின்று சத்தியம் செய்வதை எந்த முகத்தோடு பார்ப்பது? பொட்டலத்தை அவன் முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

டால்ட்டன் இரண்டு தரம் படித்தான்.

"அந்தக் கடையிலதானே நிக்கிற? உனக்குத் தெரியாதா?"

"தெரியாதுடா. தெரியாமலே எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசிட்டு இருந்திருக்கேன்."

அவன் எழுந்து வெளியே போனான். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வேலியோரம் அங்கும் இங்கும் நடந்தான். அவள் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். வேலை போனால் போகட்டும், இவன் திரும்பி உள்ளே வந்தால் போதும் என்று வேண்டினாள்.

வந்தான். போனை எடுத்து அந்த மருத்துவரையே கூப்பிட்டான்.

"சார், மத்தியானம் கத்தினதுக்கு மன்னிச்சுக்கோங்க. கப்புல தப்பில்ல. ஹெம்ப் மிட்டாய் தின்னிருக்கேன்."

"யாராவது குடுத்தாங்களா?"

"இல்ல சார். நானே கடைக்குப் போய் வாங்கினேன்."

மருத்துவர் வருத்தப்பட்டார். எதில் இருந்து வந்தாலும் முடிவு முடிவுதான் என்றார். டேங்கர் வேலை அத்தோடு போயிற்று.

"ஏன்டா பொய் சொன்ன?"

"எழுதிட்டே கேக்கிறாரு. உன் பேரை அதுல எழுத விடுவேனா?"

வேலை போனதற்கு அழாத ஷெல்பி அதற்கு அழுதாள். அவன் அவள் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, நேரமாச்சு என்று கிடங்குக்குக் கிளம்பினான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்தான். திரையை இழுத்துவிட்டுப் படுத்தான். மிட்டாய்ப் பொட்டலம் குப்பைக்குப் போயிருந்தது. கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். வழக்கமான முத்தத்தைக் கொடுக்கக் குனிந்த ஷெல்பி, ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் படுத்தாள்.

"கடைக்குப் போகல?"

"நீ பேசாம கண்ணை மூடு."

முதுகில் மெல்லத் தட்டிக்கொடுத்தாள். கை வலித்தது, மாற்றிக்கொண்டாள். எட்டு அடித்தது. எட்டரைக்கு அவன் மூச்சு நீண்டு, குறட்டை லேசாகத் தொடங்கியது.

ஒன்பது மணிக்குப் போன் அதிர்ந்தது. கடைக்காரர். சாவி அவளிடம்தான் இருந்தது.

"எங்க இருக்க நீ? வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க!"

"கத்தாதீங்க" என்றாள் ஷெல்பி, கிசுகிசுப்பாக. "என் வீட்டுக்காரர் தூங்குறாரு."