சமர்த்துக் கிளி

ஜில்லு வந்த முதல் வாரம் சுகிர்தாவின் வீட்டில் யாரும் கண்ணை மூடவில்லை.

யாரும் என்றால் இரண்டே பேர்தான், அவளும் அவள் கணவன் எட்வர்டும். கும்மிடிப்பூண்டியில் ஒரு மாடிப் போர்ஷன், ஒரே அறை. எட்வர்ட் தேர்வாய் கண்டிகையில் தகடு வெட்டும் பிரஸ் மிஷின் ஓட்டுகிறான். ஒரு வருடமாக நைட் ஷிப்ட் மட்டுமே. காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, நாஷ்டாவை முடித்து, ஜன்னலில் கம்பளியை மாட்டிவிட்டுப் படுத்தானென்றால் மாலை நான்கு மணிக்குத்தான் எழுவான்.

பகலெல்லாம் பேச்சுத்துணை இல்லாமல் இருக்கிறாளே என்று கல்யாண நாளன்று அவன்தான் கூண்டைத் தூக்கி வந்தான். கூட வேலை செய்யும் ஆதிகேசவன் வீட்டில் பொரித்த குஞ்சு. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் குங்குமம் ஈஷினதுபோல ஒரு வட்டம்.

"காக்டெயில் கிளி. நம்மூரு பச்சக்கிளி வெச்சாதான் ஃபாரஸ்ட்காரன் வருவான். இத ஒருத்தனும் கேக்கமாட்டான்" என்றான் பெருமையாக.

இரண்டு மாதக் குஞ்சுக்கு அவ்வளவு பெரிய தொண்டை இருக்குமென்று யார் கண்டது? சுகிர்தா கண்ணெதிரே இருக்கும்வரை சும்மா இருக்கும். குளிக்கப் போனாலோ குப்பை கொட்ட இறங்கினாலோ விசில் அடிப்பதுபோல் கத்தத் தொடங்கிவிடும். ஓடிவந்து நின்றால் கொண்டையைத் தாழ்த்தித் தலையை நீட்டும், சொறிந்துவிடச் சொல்லி. அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. நம்மையும் ஓர் உயிர் இப்படித் தேடுகிறதே.

எட்வர்டுக்கு இனிக்கவில்லை.

"சுகி, ரெண்டு மணி நேரம்கூட தூங்கல. மிஷின்ல கை மாட்டிக்கிச்சுன்னா நீயா சோறு ஊட்டப்போற?"

விளையாட்டாகச் சொன்னதல்ல. பக்கத்து மிஷின்காரனுக்குப் போன மாதம்தான் இரண்டு விரல் போயிருந்தது. அன்று அவனே எழுந்து பெட்ஷீட்டைக் கூண்டின்மேல் போர்த்தினான். கத்தல் பட்டென்று நின்றது. "பாத்தியா? அவ்ளோதான் மேட்டரு."

அதன்பின் காலையில் கம்பளி ஜன்னலுக்கு, பெட்ஷீட் கூண்டுக்கு. இருட்டுக்குள் சுகிர்தா கால் விரலால் நடந்தாள். மிக்ஸியை மாலைக்குத் தள்ளினாள். மணவாள நகரிலிருந்து அம்மா போன் செய்தால் பாத்ரூமுக்குள் போய்க் கிசுகிசுத்தாள். ஒரு மாதம் போனது. பெட்ஷீட்டை எடுத்தபிறகும் ஜில்லு கத்துவதில்லை. பஞ்சு உருண்டையாக உப்பிக்கொண்டு, கண்ணை மூடி, பகலிலும் தூங்கியது.

"நைனாவுக்கு நைட் ஷிப்டுன்னா இதுக்கும் நைட் ஷிப்டு போலகீது" என்று சிரித்தான் எட்வர்ட்.

கீழ்வீட்டுச் சின்னப்பொண்ணுக்கும் பரம திருப்தி. "உன் ஊட்ல ஆள் கீறதே தெர்ல சுகிர்தா. நீயும் சமத்து, உன் கிளியும் சமத்து." சுகிர்தா அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

ஞாயிறு மாலை ஆதிகேசவன் வந்தான். கூண்டருகே குனிந்தவன் டீயை வாங்கக்கூட மறந்து நின்றான்.

"இத இன்னாமா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலண்ணா. தொல்லையே குடுக்கறதில்ல. எந்நேரமும் தூக்கம்தான்."

"இது தூக்கமா? நல்ல பட்சி ஒரு காலத் தூக்கிக்கினு தூங்கும். இது ரெண்டு காலையும் ஊனிக்கினு, உப்பிக்கினு நிக்குது பாரு. ஒடம்புக்கு முடியல. கத்துதா?"

"மொதல்ல கத்துச்சு. இப்ப பழகிடுச்சு."

"பழகல தங்கச்சி. நீ எங்க கீறன்னு கேக்கத்தான் அது கத்தும். இங்கதான் கீறேன்னு ஒரு சத்தம் குடுத்தா அடங்கிடும். யாருமே பதில் குடுக்கலன்னா எத்தினி நாளு கேக்கும்? உட்டுடும். அப்பறம் தீனியும் உட்டுடும்." நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். "வெயிலும் வேணும். இப்டியே போனா பத்து நாள் தாங்காது."

அவன் போனதும் சுகிர்தா எட்வர்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா, பகல்ல ஜன்னல தொறந்து வெச்சா..."

"தொறந்துட்டு நான் எங்க தூங்கறது? மொட்டமாடில வையேன்."

"அங்க பூனை கீது."

"அப்ப நான் இன்னாதான் பண்ணட்டும், நீயே சொல்லு." கோபமாகக்கூடக் கேட்கவில்லை. சிவந்த கண்களோடு, நிஜமாகவே விடை தெரியாதவனாகக் கேட்டான்.

மறுநாள் காலை அவன் படுத்ததும் கூண்டைப் பாத்ரூமுக்குள் தூக்கிப்போய்க் கதவைச் சாத்தி விளக்கைப் போட்டாள். "ஜில்லு, இங்கதான் கீறேன்" என்று கிசுகிசுத்தாள். ஒன்பது முறை, பத்து முறை. கிளி அவளைப் பார்த்தது. கொண்டை அசையவில்லை. பதினோரு மணிக்குத் துப்பட்டாவால் கூண்டைச் சுற்றிக்கொண்டு கவரைப்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

ஆதிகேசவன் பகல் ஷிப்டுக்குப் போயிருந்தான். அவன் மனைவி நர்மதா கூண்டை வாங்கி, வாசல் வெயிலில், மற்ற கிளிகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவை போட்ட கூச்சலில் தெருவே அதிர்ந்தது. ஜில்லு அரை மணி நேரம் உப்பியபடியே நின்றது. பிறகு ஒரு சூரியகாந்தி விதையை உருட்டிப் பார்த்தது. மெல்லக் கொண்டையை நிமிர்த்தியது.

"பொழச்சிக்கும்கா" என்றாள் நர்மதா. "வேணும்னா அப்பறம் வந்து எடுத்துனு போங்க."

எங்கே எடுத்துப் போவது? சுகிர்தா தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தாள். கேட்டைத் தாண்டியதும் முதுகுக்குப் பின்னால் அந்த விசில் கேட்டது. மெல்லியதாக, உடைந்து, ஒரே ஒரு தடவை. அவளைத்தான். அவள் திரும்பி, "இங்கதான் கீறேன்" என்று கத்த வாயைத் திறந்தாள். கிசுகிசுப்புதான் வந்தது. மறுபடி முயன்றாள். அப்போதும் அதுவேதான். மற்ற கிளிகள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிட்டன.

எட்வர்டிடம் அவள் சொல்லவில்லை. அவனே கேட்கட்டும் என்று இருந்தாள். திங்கள் போனது. செவ்வாய், புதன் போயின. வியாழன் மாலை டீ குடிக்கும்போது மூலையைப் பார்த்தான்.

"கூண்டு எங்க சுகி?"

"குடுத்துட்டேன். திங்கக்கெழமையே."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "சொல்லவேல்ல?"

"நீ தூங்கிக்கினு இருந்த."

"நாலு நாளா சத்தமே இல்லியேன்னு..." பாதியில் நிறுத்தினான். அதற்கு முன்பும்தான் சத்தம் இருந்ததில்லை. அவன் முகம் வாடிப்போனது. "நீ தனியா கீறியேன்னுதான கொண்ணாந்தேன். வேற எதனா வாங்கியாரட்டா? சத்தம் போடாததா, மீனு மாதிரி?"

சுகிர்தா அவனைப் பார்த்தாள். இதை அவனுக்குப் புரியவைக்க வேண்டுமென்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், குரலையும் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருக்கும்.

"டைம் ஆச்சு மாமா" என்றாள். "பஸ்ஸு வந்துரும், கெளம்பு."