லைனில் ஒரு பச்சைக் குடம்

பிலோமி அக்கா காலால் ஒரு எத்து எத்தியதில் இரண்டு வெள்ளைக் கேன்களும் தண்ணி லாரி வரிசையை விட்டு உருண்டுபோய் மதில் ஓரம் விழுந்தன. மூன்றாவது மாடி வராந்தாவில் தலை வாரிக்கொண்டிருந்த ரமாபாய் சீப்பும் கையுமாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேன்களை வைத்த மகராசன், அதாவது அவள் புருஷன் வல்லரசு, எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் கூட்டாளி ஷாகுல் ஹமீதோடு உட்கார்ந்திருந்தான். கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும், மிச்சத்தைக் கேன்களே பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு அவனுக்கு. முகம் மட்டும் தண்ணி லாரிப் பக்கம் திரும்பிவிடாதபடி ஜாக்கிரதையாக இருந்தான். லாரி கிளம்பிப் போனபிறகு காலிக் கேன்களைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஏறி வந்தான்.

"கேன் வெச்சா லைன் கெடியாதாம். உன் தோஸ்துங்க சொல்றாளுங்க," என்றான், ஏதோ அந்தச் சட்டத்தைப் போட்டவளே ரமாபாய்தான் என்பதுபோல.

அந்த பிளாக்கில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், லாரித் தண்ணிக்குக் கேன் செல்லாது என்று. லாரியின் பின்னால் தொங்கும் பைப் தடித்த தாரையாகத் தண்ணியைக் கொட்டும். கேனின் வாய் சின்னது. பாதித் தண்ணி ரோட்டுக்குத்தான் போகும். அதனால் பிளாஸ்டிக் குடம் மட்டும், வீட்டுக்கு இரண்டு. குடத்தை வரிசையில் வைத்துவிட்டால் அதுவே ஆள் மாதிரி. அடுப்பில் சோறு வைத்த இடத்துக்கோ, பிள்ளையை எழுப்பவோ ஓடிவிட்டு வரலாம். வரிசை நகரும்போது பின்னால் நிற்பவள் நம் குடத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுவாள். இதெல்லாம் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. வருஷக்கணக்காக அந்தத் தண்ணியைக் குடித்து, அதில் குளித்து, அதில் பல் விளக்கி வந்த வல்லரசுக்கு மட்டும் தெரியாது.

அந்தப் பக்கத்து ஆண்கள் தண்ணி தூக்காதவர்கள் இல்லை. கடையில் வாங்கும் கேனை ஒரே வீச்சில் தோளில் ஏற்றி, விசிலடித்துக்கொண்டே மாடி ஏறுவார்கள். ஆனால் இடுப்பில் குடம் என்றால் கௌரவம் போய்விடும். கேன் தூக்கினால் ஆம்பளை, குடம் தூக்கினால் வேறு என்னவோ. இரண்டிலும் இருப்பது அதே தண்ணிதான் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று ரமாபாய் நாலாவது பிளாக்குக்கு ஓடி, அங்கே வந்த லாரியில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு குடம் பிடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவதற்குள் நேரமாகிவிட்டது. மாத்தூர் பக்கம் ஒரு சரக்கு யார்டில் வேலை. கன்டெய்னரிலிருந்து சரக்கை இறக்கியபின் உள்ளே ஏறிக் கூட்டிச் சுத்தம் செய்வதற்குத்தான் அவளை எடுத்தார்கள். மூட்டைகளையும் பெட்டிகளையும் அடுக்கித் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டியை அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதை ஓட்டப் பெண்களிலும் ஆள் எடுக்கலாம் என்று கம்பெனியில் பேச்சு வந்தபோது முதலில் கை தூக்கியவள் அவள்தான். அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்த முதல் நாள் மொத்த யார்டும் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. சிரிப்பதற்குக் காசா பணமா, சிரித்தார்கள். அவள் இறங்கவில்லை. இப்போது பலகையோடு சரக்கைத் தூக்கி, இரண்டாவது அடுக்கில் ஒரு பெட்டிகூட ஆடாமல் வைக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் அதற்கு டெஸ்ட். தேறினால் ஆபரேட்டர், இல்லையென்றால் பழையபடி விளக்குமாறு.

சூப்பர்வைசர் ஷாரிக் வயதில் சின்னவன், நல்லவன். ஆனால் அவனுக்கும் மேலே ஆள் இருக்கிறது. "யக்கா, நீ வண்டி ஓட்டுறத நா பாத்துகினு தான் கீறேன். ஆனா வெள்ளிக்கியம லேட்டா வந்தியானா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்த ஆளு பேர கூப்ட்ருவாங்கோ," என்றான். அவள் தலையை ஆட்டினாள். தண்ணி லாரி வரும் நேரமும் யார்டு திறக்கும் நேரமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதை அவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அன்று சாயங்காலம் ஹார்பருக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டக் கிளம்பும்போது வல்லரசு செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு வழி சொன்னான். "மாயா கீறால்ல. அது புடிக்கட்டும். பொம்பள புள்ள தான, பயகிக்கட்டும்." சொல்லிவிட்டுப் போய்விட்டான். சேர்ந்தாற்போல எட்டு ஷிஃப்ட்டு பார்த்தவள் மாதிரி அசந்து கிடந்த ரமாபாய், பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் அவள் எழுந்து பார்த்தபோது பாயில் மாயா இல்லை. வராந்தாவுக்கு ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். ஆறாவது படிக்கிற பெண், ஸ்கூல் யூனிஃபார்மோடு, பச்சைக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து வந்துகொண்டிருந்தாள். பாவாடையின் ஒரு பாதி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. இன்னொரு குடம் வரிசையில் இருந்தது. அதைப் பின்னால் நின்ற பெண்கள் ஆளுக்கு ஒரு கை போட்டு முன்னால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ரமாபாய் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள்.

"புள்ள சமத்து ரமா," என்றாள் பிலோமி அக்கா, மனசாரத்தான். "நீ கவலப்படாம வேலைக்கி போ. இனிமே அதுவே புட்ச்சிக்கும்."

அந்த அன்புதான் ரமாபாயைச் சுட்டது. நாற்பது வயது ஆம்பளையை உள்ளே விடாத வரிசை, பதினோரு வயதுப் பெண்ணை வா கண்ணு என்று கூப்பிட்டு இடம் கொடுக்கிறது. இவளும் இதே வயதில் இப்படித்தான் இதே இடுப்பில் குடத்தை ஏற்றினாள். முதல் பீரியடு போனது, பிறகு பாதி நாள் போனது, பிறகு ஸ்கூலே போனது. யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. சமத்து என்றுதான் சொன்னார்கள். அவள் மகள் இடுப்பிலிருந்து குடத்தைப் பிடுங்கினாள். மாயா பயந்துபோய், "நைனா தான்மா வந்து எயுப்பி சொல்ச்சி," என்றாள்.

நைனா மேலே பல் விளக்கிக்கொண்டிருந்தான், மகள் கொண்டு வந்த தண்ணியில். ரமாபாய் குடத்தை அவன் காலடியில் வைத்தாள்.

"நாளைக்கி டெஸ்டு. நா கெளம்பி பூடுவேன். மாயா லைன்ல நிக்காது. நீ நிக்கணும்."

"கேன தான் எத்துறாளுங்களே."

"கேன் இல்ல. குடம்."

அவன் வாயிலிருந்த நுரையைத் துப்பினான். "இன்னாமே பேசுற? நா குடத்த இஸ்துகினு அந்த பொம்பளைங்களாண்ட போயி நிக்கணுமா? ஏரியாவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நா வண்டில ஏறசொல்ல யார்டே சிரிச்சிது. சிரிச்சி முட்ச்சிட்டு அவனவன் வேலய பாக்க பூட்டான்."

"அது வேற."

"இன்னா வேற? எண்ணூர் ரோட்ல ஹார்பர் கேட்டுக்கு ராத்திரி பகலா லைன்ல நிக்கிற. முன்னாடி வண்டி நவுந்தா நீயும் நவுத்துற. தூங்குறவன் வண்டிய கூட நவுத்தி வுடுற. ரோட்டோரம் ஸ்டவ்வு பத்த வெச்சி மீன் கொயம்பு ஆக்குற, வல்லரசு கை பக்குவம்னு ஊரே நக்கி துன்னுது. அங்க எந்த ஆம்பளத்தனம் பூட்ச்சி? வூட்டுக்குள்ள கால வெச்சா மட்டும் உனுக்கு கை வர மாட்டேங்குது."

கோபம் வந்தால் கத்துகிறவன், கத்தவில்லை. அதுவே அவளுக்குப் புதிதாக இருந்தது. ஆனாலும் ஒத்துக்கொண்டான் என்று சொல்லிவிட முடியாது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான், துடைத்த முகத்தையே இன்னொரு தடவை துடைத்தான்.

சாயங்காலம் ரமாபாய் பிலோமி அக்காவைத் தேடிப் போனாள். அவள் தரைத்தளப் படியில் முறத்தில் நெத்திலியைப் பரப்பித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். ரமாபாயும் உட்கார்ந்து ஒரு கை நெத்திலியை எடுத்துக் கிள்ள ஆரம்பித்தாள். விஷயத்தைச் சொன்னதும் பிலோமியின் கை நின்றது.

"ஆம்பளைங்க வாணாம் ரமா. நீ கல்யாணம் கட்டிகினு வர்றதுக்கு மின்னாடி அவனுங்க தான் பைப்ப புட்ச்சிகினு நின்னானுங்க. நீயா நானான்னு ஒரு நாளு அட்ச்சிகினு, என் வூட்டுக்காரு சுயம்பு மண்ட ஒடஞ்சி ரத்தம். லாரிக்காரன் பயந்துகினு அப்பால இந்த பக்கமே வர்ல. நாங்க பொம்பளைங்க நடையா நடந்து லாரிய கொண்டாந்தோம். லைன நாங்க போட்டோம். இந்த ஏரியாவுல என் பேச்சுக்கு எவனும் எதிர் பேசாத எடம் அது ஒண்ணு தான்."

ரமாபாய்க்கு இது தெரியாது. ஆண்களின் கௌரவத்தைக் காப்பாற்றத்தான் பிலோமி கேனை எத்தினாள் என்று நினைத்திருந்தாள். அவள் காப்பாற்றியது தன்னுடையதை. அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது? ஆனால் மாயாவின் நனைந்த பாவாடை ரமாபாயின் கண்ணை விட்டுப் போகவில்லை.

"அவுரு அதிகாரம் பண்ண வர்ல யக்கா. நிக்க வர்றாரு. உன் லைன்ல, நீ சொல்ற எடத்துல. குடத்தோட."

"சவுண்டு வுட்டான்னா குடம் மதிலாண்ட போவும்."

"போவட்டும்."

"ஆம்பள குடத்த எல்லாம் நா தள்ளி வுட மாட்டேன், இப்பவே சொல்ட்டேன்."

"வாணாம். அவுரே தள்ளிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ரமாபாய் எழுந்து கையைக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை அவள் கிளம்பும்போது வல்லரசு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். விடியலில்தான் டிரெய்லரை விட்டுவிட்டு வந்திருந்தான். தூங்குகிறானா, தூங்குகிறமாதிரி கிடக்கிறானா என்று தெரியவில்லை. "குடம் ரெண்டும் வாசல்ல கீது," என்றாள் முதுகைப் பார்த்து. மாயாவிடம், "நீ கீய எறங்குனியானா பாரு. ஒயுங்கா இஸ்கூலுக்கு போ," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

தெருமுனையில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது லாரியின் ஹாரன் கேட்டது. மஞ்சள், நீலம், சிவப்பு என்று குடங்கள் வந்து விழுந்து வரிசை ஆயின. பச்சையைக் காணோம். அவளுடைய கால்கள் தாமாகவே ஒரு எட்டு வைத்துவிட்டன. ஓடினால் பிடித்துவிடலாம். இரண்டே குடம். பிடித்து மேலே வைத்துவிட்டு அடுத்த ஆட்டோவில் போகலாம், ஷாரிக்கின் கையில் காலில் விழலாம். பழகின கால்களுக்குப் புத்தி சொல்வது லேசில்லை. அவள் பக்கத்திலிருந்த கரண்ட் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். இன்று வீட்டில் தண்ணி இல்லை என்றால் இல்லை. மூன்று பேரும் சேர்ந்து நாறட்டும்.

அப்போதுதான் அவன் வந்தான். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தான். குடங்களைக் கைக்கு ஒன்றாகக் கழுத்தைப் பிடித்து, பூனைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவதுபோல உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தான். வரிசையின் கடைசியில் வைத்தான். வைத்தபிறகு கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிலோமி அக்கா தன் குடத்தைத் தூக்கி வந்து, சரியாக அவனுக்குப் பின்னால் வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றி நின்றாள்.

"மாமு! பொடவ எங்க மாமு?" டீக்கடையிலிருந்து ஷாகுல் ஹமீது கூவினான். பெஞ்சே சிரித்தது.

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ரமாபாய் ஏறி ஓரத்துச் சீட்டில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். வல்லரசு டீக்கடைப் பக்கம் திரும்பிவிட்டான். கழுத்து நரம்பு புடைத்தது. அவனுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளின் கணக்கு அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தான். பின்னால் பிலோமி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயை அவன் அப்படியே மூடினான். மூடிக்கொண்டு நின்றான், அவ்வளவு பெரிய ஆள், காது மடல் சிவக்க.

அதற்குள் வரிசை முன்னால் நகர்ந்துவிட்டது. அவன் கவனிக்கவில்லை. பச்சைக் குடங்களுக்கு முன்னால் இடம் காலியாகக் கிடந்தது. பின்னால் இருப்பவள் தாண்டிப் போய்விடலாம். பிலோமி அக்கா ஏதோ முணுமுணுத்தாள். பிறகு காலை நீட்டி, முந்தாநாள் கேனை எத்திய அதே காலால், முதல் குடத்தை மெல்ல ஒரு இடம் தள்ளிவிட்டாள். அப்புறம் இரண்டாவதையும்.

ரமாபாய்க்குக் கண் கலங்கியது. சந்தோஷம் மட்டும் என்று சொல்ல முடியாது. இதற்கா இத்தனை வருஷம் என்ற ஆத்திரமும் அதில் இருந்தது. சாயங்காலம் அவன் பாராட்டுக்காக முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். குடத்தை மூடி வைத்தாயா என்று மட்டும் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். தனக்கு யார் எப்போது மாலை போட்டார்கள்?

ஆட்டோ திரும்பியதும் தெரு மறைந்தது. காற்றில் மணலிப் பக்கத்து எண்ணெய் ஆலை நெடி வர ஆரம்பித்தது. பக்கத்தில் ஒருத்தி டிபன் பாக்ஸை மடியில் வைத்துத் தூங்கி விழுந்துகொண்டிருந்தாள். ரமாபாய் வலது கையை முட்டிமேல் வைத்து, இல்லாத ஃபோர்க்லிஃப்ட் லீவரைப் பிடித்தாள். மெதுவாகப் பின்னால் இழுத்தாள், தூக்கினாள், நிறுத்தினாள். பலகை ஆடவில்லை. மறுபடி முதலிலிருந்து இழுத்தாள்.