பை தூக்க நாலு பேர்

இன்றைக்கு என் பையை யார் தூக்கப் போகிறார்கள்? நேற்று நாலு பேர் வந்தார்கள். இழுத்த இழுப்பில் வார் அறுந்துபோனது. இன்று வாரே இல்லை. என்னதான் செய்கிறார்கள், பார்க்கலாம்.

இப்படி நினைத்துக்கொண்டே அவள் பள்ளிக்கூடத்துப் படியேறினாள். கை கால் எல்லாம் திடமாகத்தான் இருந்தன. முகத்தில் மட்டும், இடது கண்ணிலிருந்து தாடை வரை, பிறக்கும்போதே வந்த கருஞ்சிவப்பு மச்சம். ஐந்து வருடமாக வகுப்புக்குப் பழகிப்போன முகம்.

இரண்டு வாரத்துக்கு முன் டீச்சர் ஒரு கதைப் புத்தகம் வாசித்தார். முகம் வேறு மாதிரி இருக்கும் ஒரு சிறுமியிடம் அன்பாக இருக்க ஓர் ஊரே கற்றுக்கொள்ளும் கதை. எல்லோரும் அழுதார்கள். அவளும்தான். மறுநாள் சுவரில் ஓர் அட்டை தொங்கியது. அன்பாக ஒரு காரியம் செய்தால் ஒரு நட்சத்திரம்.

அன்று பிடித்தது சனி. நட்சத்திரத்துக்கு அவளைவிடச் சுலபமான வழி வகுப்பில் யாருக்கும் கிடைக்கவில்லை. அவளும் சும்மா இருக்கவில்லை. வேண்டுமென்றே இருமினாள், மூன்று தண்ணீர் பாட்டில்கள் நீண்டன. வகுத்தல் கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். கணக்கு முடிந்து வந்தது, இரண்டு தப்போடு.

ஒன்றைத்தான் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்காரும் ஓட்டைப்பல் கிள்ளுவதை நிறுத்திவிட்டாள். பல் முளைத்து வருடங்களாகியும் பெயர் மட்டும் போகாதவள். முதல் வகுப்பிலிருந்து இருவருக்கும் பெஞ்சு நடுவில் ஓர் எல்லைக்கோடு உண்டு. முழங்கை தாண்டினால் கிள்ளு. இப்போது முக்கால் பெஞ்சையும் விட்டுக்கொடுத்துவிட்டு ஓரத்தில் தொத்திக்கொண்டிருந்தாள். எவ்வளவு இடித்தாலும் விருந்தாளியிடம் சொல்வதுபோல, பரவாயில்லை என்றாள். அந்தப் 'பரவாயில்லை' கிள்ளியதைவிட வலித்தது.

ஆண்டு விழாவுக்கு அந்தக் கதையையே நாடகமாகப் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டு டீச்சர் அவர்கள் பெஞ்சுக்கே வந்தார்.

"நீதாம்மா கதாநாயகி. உனக்கு மேக்கப்கூடத் தேவையில்ல."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவசரமாக, கதாநாயகியைத் திட்டும் பெண் வேடத்தை ஓட்டைப்பல்லுக்குக் கொடுத்தார். ஓட்டைப்பல் எழுந்து நின்றாள். தன்னால் இவளைத் திட்ட முடியாது, பாவம் என்றாள்.

மேடையேறினால் ஒரு வகுப்பு இல்லை, பள்ளிக்கூடமே பை தூக்க வரும். இவளும் ஆயுசுக்கும் கிள்ள மாட்டாள். இப்படி நினைத்தவள் சட்டென்று சொன்னாள்:

"நல்லா திட்டுவா டீச்சர். என் மச்சத்தப் பாத்து மேப்புன்னு பேர் வெச்சதே இவதான்."

ஓட்டைப்பல்லின் காது சிவந்தது. "நீ மட்டும் யோக்கியமாடி? என் பல்லு விழுந்தப்ப ஸ்கூல் பூரா தண்டோரா போட்டது யாரு?"

வகுப்பு சிரித்தது. ஓட்டைப்பல் தொப்பென்று உட்கார்ந்தாள், பெஞ்சின் சரிபாதியில். அவள் தன் முழங்கையைக் கோட்டைத் தாண்டி ஓட்டைப்பல் பக்கம் மெல்ல நகர்த்தினாள். நறுக்கென்று விழுந்தது கிள்ளு.

"அப்ப நடிக்கிறியாம்மா?" என்றார் டீச்சர்.

எரிந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே, "மாட்டேன் டீச்சர்" என்றாள் அவள் மெதுவாக.