சீனித்தாய் சொன்ன படம்

மாப்பிள்ளையூரணிப் பக்கத்து உப்பளத்தில் சீனித்தாய்க்கு இருந்த மவுசு கங்காணிக்குக்கூடக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரை டூரிங் டாக்கீஸில் அவள் படம் பார்த்துவிட்டு வந்தால், திங்கள் முதல் சனி வரை மத்தியானக் கஞ்சி வேளையில், கொட்டகை நிழலில் அந்தப் படம் மறுபடி நடக்கும். பிள்ளைகுட்டிகளை விட்டுவிட்டுப் போக முடியாத பெண்களுக்கு அவள் வாய்தான் தியேட்டர். சண்டைக் காட்சி வந்தால் பக்கத்தில் இருப்பவள் தூக்குவாளி தப்பாது. அழுகைக் காட்சி என்றால் கஞ்சிக்கு உப்பே வேண்டாம்.

கொஞ்ச காலமாக அவள் கண்ணில் புரை விழுந்திருந்தது. பாத்தி வரப்பில் கால் பழக்கத்தில் நடந்துவிடும், திரைதான் ஏமாற்றியது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. கண் போனவளிடம் யார் படக்கதை கேட்பார்கள்? புருஷனும் போய், பிள்ளையும் இல்லாதவளுக்குச் சொந்தம் என்று இருந்தது அந்தக் கஞ்சி வேளை ஒன்றுதான். அதையும் விட அவளுக்கு மனமில்லை.

ஆகவே காதால் படம் பார்க்கத் தொடங்கினாள். வசனம் கேட்டது, மிச்சத்தை மனசு போட்டுக்கொண்டது. போன ஞாயிறு பார்த்த படத்தில் கதாநாயகன், போய் வருகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொன்னான். அப்புறம் பேச்சே இல்லை, அலைச் சத்தம் மட்டும். சரி, கடலுக்குப் போகிறான் என்று முடிவு கட்டிவிட்டாள். டாக்கீஸைச் சுற்றியிருந்த கிடுகுத் தட்டிக்கு அந்தப் பக்கம் இரைந்தது நிஜக் கடல் என்பது மகராசிக்கு உறைக்கவில்லை.

அவ்வளவுதான், திங்கட்கிழமையே அவன் சங்கு குளிக்கிறவன் ஆகிவிட்டான். தோணியில் இருந்து அவன் இடுப்புக் கயிற்றைப் பிடிக்க, வழக்கம்போல, பெண்டாட்டியின் அண்ணன். தங்கச்சி தாலிக்காகவாவது மச்சினன் கயிற்றை விடமாட்டான் என்றுதானே கடலில் அந்த ஏற்பாடு! வில்லனோ அந்த மச்சினனையே விலைக்கு வாங்கிவிட்டான். வியாழக்கிழமை கதாநாயகனைக் கடலுக்கடியில் இறக்கி, கயிறு தளர்வதோடு நிறுத்திவிட்டாள். பெண்களுக்கு அன்று வேலையே ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் வாயைத் திறக்குமுன், கூட்டத்தில் இளையவளான ஆறுமுகத்தாய் முந்திக்கொண்டாள்.

"சீனியக்கா, ஊர்லருந்து கொழுந்தனார் வந்தாவ. நேத்து எங்களயும் அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனாவ. அதுல கடலே இல்லியே! அவன் மில்லு மொதலாளி மவன். காருலல்லா போறான்?"

எல்லாரும் சீனித்தாய் பக்கம் திரும்பினார்கள்.

"ஏமாத்தணும்னு சொல்லலளா," என்றாள் சீனித்தாய். "திரை எனக்கு வெறும் வெள்ளப் பாத்தியாத்தான் தெரியுது. அலைச் சத்தம் கேட்டுச்சு, கடல்னு நெனச்சிட்டேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எல்லாம் முடிந்தது என்றே நினைத்தாள்.

மூத்தவளான பேச்சித்தாய் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "அழுகய பொறவு வச்சிக்க. கீழ போனவன் மூச்சு முட்டிக் கெடக்கான். மேல வந்தானா இல்லியா?"

"அப்படி ஒருத்தனே படத்துல இல்லியே, பெரியம்ம," என்றாள் ஆறுமுகத்தாய்.

"மில்லு மொதலாளி கதைய ஒங்கிட்ட யாருளா கேட்டா?"

ஆறுமுகத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய் சீனித்தாயை ஒட்டி உட்கார்ந்தாள். "நா பாத்தது சவத்துப் படம்க்கா, பாதியில ஒறங்கிட்டேன். திங்கக்கெழம ரெண்டு பேரும் மட்டம் போட்டுட்டுக் கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம். எங்க அத்தைக்குப் பொரைய எடுத்தாவ, இப்ப ஊசியில நூல் கோக்கா. அதுக்கு முன்ன அந்தப் பாவிப்பயல மேல கொண்டாந்திரு."

சீனித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். திரையில் என்ன ஓடியதோ என்ற பயத்தோடேதான் இத்தனை நாளும் சொல்லியிருக்கிறாள். இனி அந்தப் பயம் இல்லை; படம் முழுக்க அவளுடையது. அவள் பார்த்த அத்தனை படத்திலும் இதுபோல ஒன்று அவளுக்குப் பிடித்ததே இல்லை.

"மச்சினன் கையில கயிறு வழுக்குது," என்று தொடங்கினாள். "வில்லன் குடுத்த துட்டு மடியில கனக்குது. அப்பதாம்ளா தங்கச்சி மொகம் அவன் கண்ணுல வருது. துட்டக் கடல்ல வீசிட்டு, ரெண்டு கையாலயும் கயித்தப் பிடிச்சு இழுக்கான்!"

கொட்டகை நிழலில் இருந்த அத்தனை பேர் கையும் கூடச் சேர்ந்து இழுத்தது.